கொதித்த காரும் ஒரு துண்டுக் கடதாசியும்

2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. புங்குடுதீவில் சில குடும்பங்களைச் சந்தித்துவிட்டு நான் ஸ்கூட்டரில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். சோழகக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாதையில் ஏறியதும் ஒரு பழைய கார் ஓரமாக நிற்பதைக் கண்டேன். பொனற் திறந்திருந்தது. உள்ளிருந்து ஆவி குபுகுபுவென்று எழும்பிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போய்வந்த ஐந்து பேர் பிரசாதப் பைகளுடன் வெயிலில் நின்றார்கள்.

காருக்குப் பக்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றவரை எனக்குத் தெரியும். புங்குடுதீவைச் சேர்ந்தவர். வயது 57. கார் அவருடையது. ஓட்டுவது அவருடைய தங்கையின் மகன். அன்று யாழ்ப்பாணத்தில் கண் காட்டுவதற்காக அக்காவும் முன் இருக்கையில் ஏறி வந்திருந்தார்.

“தண்ணி குறைஞ்சுபோச்சோ அக்கா?” என்று கேட்டேன்.

“இல்லைத் தங்கச்சி. வெளிக்கிடேக்கை நிரப்பினது. கொதிக்குது எண்டுதான் கரண்ட் ஃபான் ஒண்டு பூட்டினனாங்கள். பூட்டி மூண்டு கிழமையும் ஆகேல்லை. பூட்டினதுக்குப் பிறகுதான் இன்னும் கூடக் கொதிக்குது.”

குளிர்விக்கப் பூட்டிய விசிறி எப்படிச் சூட்டைக் கூட்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமூகவியல் படித்த எனக்குக் கார் பற்றி அன்று எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கார் நின்றால் ஒரு வீட்டின் உலையும் நிற்கும் என்பது மட்டும் தெரிந்தது.

விற்க முடியாத கார்

அது ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் கார். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை. யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்கள் என்றால் ஒரு காலத்தில் ஒஸ்ரினும் மொறிஸும்தான். அக்காவின் கணவர் திருமணத்துக்கு முன்பே இந்தக் காரை வாங்கி ஹயர் ஓடியவர். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கியபோது கார் யாழ்ப்பாணத்தில் நின்றதால் தப்பியது. 1991 இல் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது இவர்களும் கையில் அகப்பட்டதுடன் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்த இரவில், இதே கார் மண்ணெண்ணெயில் ஓடி ஒன்பது பேரைக் கொடிகாமம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. 1996 இல் ஊர் திரும்பிய சில மாதங்களின் பின், வெளியே போன கணவர் திரும்பி வரவில்லை.

கார் பல ஆண்டுகள் ஓர் உறவினரின் கொட்டிலில் கிடந்தது. போர் முடிந்து, மகளோடு புங்குடுதீவில் குடியேறிய பின்னர், அக்கா நகையை அடகு வைத்துக் காரைத் திருத்தி எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அடியார்களை ஏற்றிப் போவது, கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை கார், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஊர் பார்க்கக் கேட்கும் நாள் ஓட்டம் என்று கார் உழைத்தது. 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றிருந்தது. புதுக் கார் கனவிலும் இல்லை. இருக்கும் கார்தான் சோறு.

2022 இல் எரிபொருள் வரிசைகள் வந்தன. மணிக்கணக்காக எஞ்சினை எழுப்பி ஓர் அடி, நிறுத்தி மறுபடி எழுப்பி ஓர் அடி என்று ஊர்ந்ததில்தான் கார் முதன்முதலாகக் கொதித்தது என்கிறார் அக்கா. பிறகு அது வழக்கமாகிப் போனது. ஒரு கராச்சில் காட்டினார். பழைய வாகனம் ஒன்றிலிருந்து கழற்றிய மின்விசிறியைப் பூட்டித் தந்தார்கள். முதல் கிழமையே கார் கொதித்தது. இரண்டாம் கிழமை, ஆட்கள் ஏறியிருந்தபோது டாஷ்போர்ட்டுக்குக் கீழே எரிந்த மணம் வந்தது. ஒரு வயர் உருகிக் கறுத்திருந்தது. மறுபடி கராச்சுக்குப் போனபோது கிடைத்த பதில் இரண்டு: “பொடியனுக்கு ஓடத் தெரியேல்லை” என்பது ஒன்று. “கிழட்டுக் கார், வித்துப்போடுங்கோ” என்பது மற்றது.

“விக்கிறது லேசே தங்கச்சி?” என்று அக்கா என்னிடம் கேட்டார். “கார்ப் புத்தகம் இண்டைக்கும் அவற்றை பேரிலதான். விக்கிறதெண்டால் முதல்ல அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்கவேணும். அதுக்கு நான் இன்னும் சம்மதிக்கேல்லை.”

காணாமற்போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் எவருக்கும் அந்த வார்த்தையின் பாரம் விளங்கும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. தங்கை மகனோ, “என்னாலதான் எண்டு சொல்லினம், நான் இனி ஓடேல்லை” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். கார், சாரதி, வருமானம் மூன்றும் ஒரே கிழமையில் போய்விடும் நிலை.

சோழகம் பின்னால் வந்தால்

ஊர்காவற்றுறையில் ஓர் ஐயா இருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் கராச் நடத்தியவர். இப்போது கண் பார்வை குறைந்துவிட்டதால் வேலை செய்வதில்லை. ஆனால் கேட்டால் சொல்லித்தருவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை மெதுவாக அவருடைய வாசலுக்குக் கொண்டுபோனோம்.

அவர் முதலில் சிரித்தார். “தொண்ணூறுகளிலை எஞ்சின் சூடாகுதில்லை எண்டுதான் கவலைப்பட்டனாங்கள். மண்ணெண்ணெய் சூட்டிலைதான் ஆவியாகும். சேலைன் போத்திலாலை ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். இப்ப என்னடா எண்டால் சூடு கூடிப்போச்செண்டு வாறியள்!”

பிறகு பொனற்றைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

எரிபொருள் எரியும்போது வரும் வெப்பம் முழுவதும் சில்லைச் சுற்றுவதற்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீரை ஒரு பம்பி எஞ்சினுக்கும் முன்னாலுள்ள றேடியேற்றருக்கும் இடையில் சுற்ற வைக்கிறது. றேடியேற்றர் என்பது மெல்லிய குழாய்களும் தகடுகளும் சேர்ந்த ஒரு சல்லடை. அதற்குள்ளால் காற்றுப் போனால்தான் தண்ணீர் ஆறும். கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும்தான் விசிறி வேண்டும்.

பழைய கார்களில் அந்த விசிறியை எஞ்சினே பெல்ற்றால் சுற்றுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகம். எஞ்சின் மெதுவாக இரைந்துகொண்டு நின்றால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அதாவது காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைவாகத் தருகிறது. மின்விசிறி அப்படியல்ல. கார் நின்றாலும் ஓடினாலும் அது ஒரே வேகத்தில் சுற்றும். மாருதி போன்ற சிறிய கார்களில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் பெல்ற் விசிறிக்கு இடமே இல்லை. அவற்றில் ஆரம்பத்திலிருந்தே மின்விசிறிதான்.

அப்படியென்றால் பண்ணைப் பாதையில் கார் நிற்கவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருந்தது? அதற்கும் ஐயா காரணம் சொன்னார். வேலணைப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் போகும்போது சோழகம் பின்னாலிருந்து வீசும். காரும் காற்றும் ஒரே பக்கம் போனால், காருக்கு எதிர்க்காற்று மிகவும் குறையும். திருவிழா நாளில் வாகன நெரிசல். காருக்குள் ஆறேழு பேர். மேலே வெயில். போகும்போது கொதிக்காத கார் திரும்பும்போது கொதித்ததன் மர்மம் இதுதான். சாரதிப் பொடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சைக்கிள் டைனமோ தந்த பாடம்

விசிறி தேவை என்பது சரி. பூட்டிய விசிறி ஏன் உதவவில்லை? ஐயா ஒரு கேள்வி கேட்டார். “இந்தக் காருக்கு எர்த் எந்தப் பக்கம்?”

எங்கள் மூவருக்கும் விளங்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்து, “கரண்ட் இல்லாத காலத்திலை சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு றேடியோ கேட்டனீங்களோ?” என்றார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “ஏன் கேக்காமல்? நான்தான் வயர் கொழுவிறது. மனிசன் பெடலைச் சுத்துவார். செய்தி முடியுமட்டும் கையை எடுக்கேலாது.”

“டைனமோவிலை இருந்து லைற்றுக்கு எத்தினை வயர் போகும்?”

“ஒண்டுதான்.”

“அப்ப கரண்ட் திரும்பி வாறது எதாலை?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “சைக்கிளின்ரை இரும்பாலை.”

“காரும் அவ்வளவுதான் பிள்ளை” என்றார் ஐயா.

நான் பிறந்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் வீட்டிலும் அம்மா இதைச் செய்திருக்கிறார். ஆனால் அது ஒரு மின்னியல் அறிவு என்று நாங்கள் யாரும் ஒருநாளும் பெயர் வைக்கவில்லை. கஷ்ட காலத்துக் கதை என்றே சொல்லிவந்தோம்.

சைக்கிளில் இரும்புச் சட்டம் திரும்பும் வழியாக இருப்பதுபோல, காரில் உடம்புத் தகடே ஒரு வயர். பற்றரியின் ஒரு முனையை அந்த உடம்போடு இணைத்திருப்பார்கள். அதைத்தான் எர்த் என்கிறோம். இன்றைய வாகனங்களில் பற்றரியின் மைனஸ் முனைதான் உடம்போடு இருக்கும். ஆனால் 1960களின் நடுப்பகுதிக்கு முன் செய்த பல பிரித்தானியக் கார்களில் பிளஸ் முனையே எர்த். அக்காவின் காரும் அந்த வகைதான். பொனற்றுக்குள் பார்த்தோம். பிளஸ் அடையாளமிட்ட முனையிலிருந்து வந்த பட்டி உடம்பில் பூட்டப்பட்டிருந்தது.

மின்குமிழுக்கு எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் அது எரியும். விசிறி மோட்டார் அப்படியல்ல. வயரை மாற்றிக் கொழுவினால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். கராச்சில் வேலை செய்தவர் எல்லாக் கார்களுக்கும் செய்வதுபோலக் கறுப்பு வயரை உடம்பில் பூட்டிவிட்டார். இந்தக் காரில் அது பிழை.

கடதாசி பறந்தது

“பிழையோ சரியோ எண்டு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களே பாருங்கோ” என்றார் ஐயா. ஒரு பழைய கொப்பித் தாளை அக்காவிடம் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு மின்விசிறியை மட்டும் போடச் சொன்னார். அந்த விசிறி றேடியேற்றருக்கு முன்னால் பூட்டப்பட்டிருந்தது. அது முன்னாலிருந்து காற்றை எடுத்து றேடியேற்றருக்குள் தள்ள வேண்டும். அப்படியானால் முன்னால் பிடிக்கும் கடதாசி உள்ளே இழுபட்டு வலையில் ஒட்ட வேண்டும்.

அக்கா கடதாசியை முன்னால் பிடித்தார். அது வெளியே பறந்து வேலியோரம் விழுந்தது.

எல்லோரும் பேசாமல் நின்றோம். உள்ளே பழைய பெல்ற் விசிறி காற்றைப் பின்னோக்கி இழுக்கிறது. வெளியே புது விசிறி அதையே முன்னோக்கி இழுக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பாயை இரண்டு பக்கம் இழுப்பதுபோல. நடுவில் நின்ற றேடியேற்றருக்குக் காற்றே இல்லை. மூன்று கிழமையாகக் கார் கொதித்தது இதனால்தான். பொடியனின் ஓட்டத்தாலும் அல்ல, காரின் வயதாலும் அல்ல.

அக்கா பறந்த கடதாசியைப் போய் எடுத்து வந்து நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

அக்கா வயர் இழுத்தார்

ஐயாவுக்குக் கண் தெரியாது. பொடியனுக்குப் பயம். ஆகவே வேலையை அக்காவே செய்தார். ஐயா சொல்லச் சொல்ல, நான் சாமான்களை எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்தோம் என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். காரோ வானோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது உதவும்.

முதல் வேலை, பற்றரியின் எர்த் முனையைக் கழற்றுவது. அது கழறாமல் எந்த வயரிலும் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, விசிறியைத் தாங்கும் முறையை மாற்றினோம். கராச்சில் றேடியேற்றரின் தகடுகளுக்குள்ளால் பிளாஸ்ரிக் பட்டிகளை ஓட்டி இறுக்கியிருந்தார்கள். கார் குலுங்கக் குலுங்க அது மெல்லிய குழாய்களைத் தேய்த்து ஓட்டை விழச்செய்யும். ஆகவே இரும்புப் பட்டி வைத்து, பக்கச் சட்டத்தில் பூட்டினோம். பழைய பெல்ற் விசிறியையும் விட்டுவைத்தோம். அதைக் கழற்றுபவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பியையும் டைனமோவையும் சுற்றுகிறது. விசிறி இதழைக் கழற்றலாம், பெல்ற்றைக் கழற்றக்கூடாது.

மூன்றாவது, வயரின் தடிப்பு. விசிறி 80 வாற். பற்றரி 12 வோல்ற். 80 ஐ 12 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 7 அம்பியர். சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூட எடுக்கும். கராச்சில் போட்டிருந்ததோ மிகவும் மெல்லிய வயர். சின்னக் குழாயால் பெரிய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது போன்றது அது. வயர் சூடாகி உருகியது அதனால்தான். நாங்கள் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போட்டோம்.

நான்காவது, பியூஸ். முன்பு போட்ட இணைப்பில் பியூஸே இல்லை. வயர் எங்காவது உரசி உடம்பைத் தொட்டால், பற்றரியின் முழுச் சக்தியும் அதனூடாகப் பாயும். நெருப்பு வரும். பியூஸ் என்பது நாமே வைக்கும் ஒரு பலவீனமான இடம். ஆபத்து வந்தால் அது முதலில் அறுந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். அதனால் பியூஸ் எப்போதும் வயரைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். நாங்கள் 15 அம்பியர் பியூஸை, எர்த் இல்லாத பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தோம். அறுந்த பியூஸுக்குப் பதிலாக வெள்ளி ஈயத்தாள் சுற்றுவதும் கம்பி வைப்பதும் வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

ஐந்தாவது, றிலே. பெரிய மின்சாரத்தை டாஷ்போர்ட் சுவிட்ச் வரை கொண்டுபோனால் சுவிட்ச் கருகும். றிலே என்பது ஒரு சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் படலை. அதில் 30, 87, 85, 86 என்று நான்கு கால்கள் எண்ணிடப்பட்டிருக்கும். 30 ஆம் காலுக்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர். 87 இலிருந்து விசிறிக்கு. 86 க்குக் கார்ச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய வயர். 85 இலிருந்து வெப்ப சுவிட்ச் வழியாக உடம்புக்கு. தண்ணீர் 90 பாகை செல்சியஸ் அளவுக்கு வந்ததும் அந்த சுவிட்ச் தானாக இணைக்கும். ஆறியதும் தானாக விடும். சாவியை நிறுத்தினால் விசிறியும் நிற்கும். முன்பு பற்றரியிலிருந்து நேரே கொடுத்திருந்ததால், சுவிட்சை மறந்துவிட்ட ஓர் இரவில் பற்றரி முழுவதும் இறங்கிப்போயிருந்தது.

கடைசியாக, விசிறியின் இரண்டு வயர்களையும் மாற்றிக் கொழுவினோம். பிளஸ் வயர் உடம்புக்கு, கறுப்பு வயர் றிலேக்கு. உடம்பில் பூட்டிய இடத்தின் மையையும் துருவையும் சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினோம். நான்கு பக்கமும் கடல் உள்ள எங்கள் ஊர்களில் உப்புக்காற்று செம்பையும் இரும்பையும் தின்னும். பூசாவிட்டால் ஆறு மாதத்தில் பச்சை பிடித்து இணைப்பு விட்டுப்போகும்.

அக்கா கைப்பையிலிருந்து அதே கடதாசியை எடுத்தார். முன்னால் பிடித்தார். விசிறி சுழன்றதும் அது கையை விட்டு இழுபட்டு வலையில் ஒட்டிக்கொண்டது. நான் கை தட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சுவிட்சை நிறுத்தினார், கடதாசி விழுந்தது. மறுபடி போட்டார், ஒட்டியது. நான்கைந்து தரம் அப்படியே செய்து பார்த்துக்கொண்டு நின்றார்.

விசிறி மட்டும் போதாது

கார் அதன் பின்னும் கொஞ்சம் சூடாகத்தான் ஓடியது. ஐயா எதிர்பார்த்ததுதான். றேடியேற்றருக்குள் ஊரி படிந்திருந்தது. வழியில் கண்ட கிணற்றுத் தண்ணீரையெல்லாம் அதற்குள் ஊற்றியதன் விளைவு. தீவகத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் தேநீர் வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கிறது. கழற்றிக் கழுவினோம். இப்போது அக்கா றேடியேற்றருக்கென்று விற்கும் கூலன்ற் ஊற்றுகிறார். அவசரத்துக்கென்று மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் ஒரு போத்தல் காரில் இருக்கிறது.

கலியாண ஓட்டத்துக்குக் காரைச் சோடிக்கும்போது முன் வலையை மூடிப் பூமாலை கட்டுவதையும் நிறுத்திவிட்டார். மாலை பொனற்றின் மேல் கிடக்கலாம். வலையை அடைத்தால் எந்த விசிறியும் உதவாது.

இன்னொன்றும் உண்டு. பழைய டைனமோ நன்றாக ஓடும்போதே 20 அம்பியர் அளவுதான் தரும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் தராது. இரவில் முன்விளக்கு, எஞ்சினுக்கான மின்சாரம், விசிறி எல்லாம் சேர்ந்தால் மட்டுமட்டாகவே இருக்கும். பெரிய விசிறி வாங்கினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். வரவுக்கு ஏற்ற செலவு என்பது காருக்கும் பொருந்தும்.

கராச்சில் கேட்க வேண்டியவை

எல்லாச் சகோதரிகளும் வயர் இழுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுப்பவர் நாம் என்றால் கேள்வியும் நம்முடையதாக இருக்க வேண்டும். மின்விசிறி பூட்டும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள்:

இந்தக் காருக்கு எர்த் பிளஸ்ஸா, மைனஸ்ஸா?

பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை அம்பியர்?

றிலே போட்டிருக்கிறீர்களா?

சாவியை நிறுத்தினால் விசிறி நிற்குமா?

கடதாசி பிடித்துக் காட்டுவீர்களா?

நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். சந்தோஷமாகக் காட்டுவார். கோபிப்பவரிடம் காரைக் கொடுக்காமல் திரும்புவதே நல்லது. இன்னும் இரண்டு எச்சரிக்கை. கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிட்டு, தடித்த துணி வைத்து மெல்லத் திருப்புங்கள். மின்விசிறி உள்ள காரில் எஞ்சின் நின்றிருந்தாலும் சாவி போட்டிருந்தால் விசிறி திடீரென்று சுழலலாம். விரலும் முந்தானையும் தலைப்பின்னலும் கவனம்.

இதே கதையை நெடுந்தீவில் ஒரு கூட்டத்தில் சொன்னேன். முச்சக்கர வண்டி வைத்திருக்கும் ஒரு தங்கை எழும்பி, “எங்கடை ஓட்டோவிலை தண்ணியே இல்லையே அக்கா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் கேட்டது நல்ல கேள்வி. அந்த வகை எஞ்சினைக் காற்றே நேராகக் குளிர்விக்கிறது. அதன் மேலுள்ள தகடுகளில் சேறும் எண்ணெயும் படியாமல் துடைத்தால் போதும். நெடுந்தீவில் ஒரு வாகனம் நின்றுபோனால், குறிகட்டுவானிலிருந்து படகேறி மெக்கானிக் வரவேண்டும். அங்கே இந்தச் சின்ன அறிவு ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றும்.

இது பெண்களுக்கான வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1888 ஓகஸ்ற் மாதத்தில், காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாருடன் ஜேர்மனியின் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் காரில் போனார். வழி நெடுகக் குளிர்விக்கும் தண்ணீரை ஊற்றி ஊற்றியே போனார். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின் வயர் உரசிப் பழுதானபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்புச் செய்தார். உலகின் முதலாவது நீண்ட கார்ப் பயணத்தில் கொதித்த தண்ணீரையும் வயரையும் பார்த்தது ஒரு பெண்தான்.

அதற்குப் பின் வந்த இரண்டு ஆனித் திருவிழாக்களிலும் அக்காவின் கார் ஓடியது. பண்ணைப் பாதையில் நிற்கவில்லை. தங்கை மகன்தான் இன்னும் ஓட்டுகிறான். வாகன மின்வேலைப் பயிற்சியில் சேரப்போவதாகச் சொல்கிறான். அக்காவின் மகளும் சேரப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

கார்ப் புத்தகம் இன்னும் கணவரின் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்து எப்போது, எப்படி என்பது அக்காவின் முடிவு. அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆனால் இனி, “கார் சரிவராது, வித்துப்போடுங்கோ” என்று ஒருவர் சொன்னவுடன் அதை நம்பி விற்கும் நிலையில் அவர் இல்லை.

கடைசியாக நான் போனபோது, காரின் கையுறைப் பெட்டிக்குள் அந்தக் கொப்பித் தாளைக் கண்டேன். மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. “புதுசு ஒண்டு வையுங்கோவன் அக்கா” என்றேன்.

“இது வேலை செய்யுது தங்கச்சி” என்றார் அவர்.